டோக்கியோவிலிருந்து ஒசாகாவுக்கு: ஜப்பானிய மொழி மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நான் டோக்கியோவில் ஒன்றரை வருடம் மொழிப் பள்ளியில் படித்துவிட்டு, அப்புறம் ஒசாகாவில் இரண்டு வருடம் தொழிற்கல்லூரியில் மொழிபெயர்ப்பு படித்தேன். சொந்த ஊர் மதுரைப் பக்கம். ஜப்பானுக்குப் படிக்க வரும் தம்பி தங்கைகள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன். ஜப்பானியச் சொற்கள் எல்லாம் தமிழ் எழுத்தில் இருக்கின்றன. நம் எழுத்தில் அந்த ஒலி முழுதாக வராது, காதால் கேட்டுத் திருத்திக்கொள்ளுங்கள்.

ஒரே நாடு, ஒரே மொழி. ஊர் மாறினால் பேச்சு அவ்வளவு மாறுமா?

மாறும். நான் ஜப்பானிய மொழித்திறன் தேர்வின் இரண்டாம் நிலையில் (ஐந்து தொடக்கம், ஒன்று உச்சம்) தேறிய பிறகுதான் ஒசாகாவுக்குப் போனேன். முதல் வாரம் காய்கறிக் கடைக்காரம்மா பேசியதில் பாதிதான் புரிந்தது.

காரணம் வரலாற்றில் இருக்கிறது. 1868இல் ‘எடோ’ என்ற ஊர் டோக்கியோ என்று பெயர் மாறித் தலைநகரானது. மெய்ஜி பேரரசர் காலத்தில் நாடு முழுவதற்கும் ஒரு பொதுமொழி தேவைப்பட்டபோது, டோக்கியோவின் யமனோத்தே பகுதியில் படித்தவர்கள் பேசிய பேச்சையே அடிப்படையாக எடுத்துக்கொண்டார்கள். நம் பாடப்புத்தகங்களில் இருப்பது அதன் வாரிசு. ஆனால் அதற்கு முன் ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகள் பேரரசரின் தலைநகராக இருந்தது கியோத்தோ. அதன் பக்கத்து ஊர் ஒசாகா வணிகர்களின் ஊர், ‘நாட்டின் சமையலறை’ என்று பேர் வாங்கியது. அங்கே தோஜிமா அரிசிச் சந்தையில் 1730இலேயே அரசு அனுமதியோடு முன்பேர வணிகம் நடந்திருக்கிறது. அப்படிப்பட்ட ஊர் தன் பேச்சை எளிதில் விட்டுவிடாது. கியோத்தோ, ஒசாகா, கோபே உள்ளிட்ட இந்த வட்டாரத்துக்குக் கன்சாய் என்று பெயர், பேச்சுக்குக் கன்சாய்பென்.

டோக்கியோவில் வாக்கியம் ‘தா’ என்று முடிந்தால் இங்கே ‘யா’. ‘சாப்பிட மாட்டேன்’ அங்கே தபேநாய், இங்கே தபேஹென். ‘கூடாது’ என்பதற்கு அங்கே தமே, இங்கே அகான். ‘நிஜமா?’ அங்கே ஹொன்தோ, இங்கே ஹொன்மா. ‘இல்லை, அது வேறு’ என்பதற்கு சிகாவு என்று படித்திருப்பீர்கள், இங்கே அது ‘சாவு’ என்று சுருங்கிவிடும். தமிழ்க் காதுக்கு முதல் முறை திக்கென்றுதான் இருக்கும்.

சொற்களைவிடக் கடினம் ஏற்ற இறக்கம். ‘ஹஷி’ என்றால் சாப்பிடும் குச்சியும் உண்டு, பாலமும் உண்டு. டோக்கியோவில் முதல் எழுத்தை உயர்த்தினால் குச்சி. ஒசாகாவில் முதல் எழுத்தை உயர்த்தினால் பாலம். நேர் எதிர். போதாததற்கு, ஓரெழுத்துச் சொற்களை ஒசாகாக்காரர்கள் இழுப்பார்கள். கைக்கு ‘தே’ என்று படித்திருப்பீர்கள், இங்கே ‘தேஏ’. கண்ணுக்கு ‘மே’, இங்கே ‘மேஏ’.

அப்படியானால் ஒசாகா போனால் குழம்பிப் போக மாட்டேனா?

தமிழ் பேசுகிறவர் குழம்ப வேண்டிய அவசியமே இல்லை என்று நினைக்கிறேன். இந்தப் பக்கத்தை எழுதியதற்கு முதல் காரணமே இதுதான்.

நாம் பள்ளியில் ‘செய்துவிட்டேன்’ என்று எழுதுகிறோம், வீட்டில் ‘செஞ்சுட்டேன்’ என்கிறோம். இரண்டும் ஒன்று என்று நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. ஜப்பானியத்தில் புத்தகம் ‘ஷிதே ஷிமத்தா’ என்று கற்றுத்தரும். டோக்கியோ வாய் அதை ‘ஷிச்சத்தா’ என்று சுருக்கும், ஒசாகா வாய் ‘ஷிதேமோதா’ என்று வேறு விதமாகச் சுருக்கும். பொருள் மூன்றிலும் நம்முடைய அதே ‘செஞ்சுட்டேன்’ தான், ‘ஐயோ, இப்படிச் செஞ்சுட்டேனே’ என்ற வருத்தம் உட்பட. துணைவினைகள் நம் மொழியில் எப்படி வேலை செய்கின்றனவோ அப்படியே அங்கேயும். ‘தபெதே மிரு’ என்றால் சாப்பிட்டுப் பார். ‘கத்தே குரு’ என்றால் வாங்கி வா. ‘ஷிதே ஒகு’ என்றால் செய்து வை. ஆங்கிலம் வழியாக இவற்றைக் கற்கிறவர்கள் படும் பாட்டை வகுப்பில் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து தமிழ் வழியாக நேரே கற்றுக்கொள்ளுங்கள்.

மரியாதைக்கும் இதே கதை. டோக்கியோவில் உயர்மரியாதை வினைச்சொற்கள் தனிப் பாடம், மனப்பாடம் செய்ய வேண்டும். ஒசாகா, கியோத்தோ பக்கம் வினையோடு ‘ஹரு’ என்று ஒன்றைச் சேர்த்துக்கொள்வார்கள். ‘கிஹத்தா’ என்றால் ‘வந்தாங்க’. பெரிய முதலாளிக்கும் அது போகும், பக்கத்து வீட்டு அம்மாவுக்கும் போகும். நம்முடைய ‘ங்க’ மாதிரியே அன்பும் மரியாதையும் கலந்தது. அதைக் கேட்ட அன்றுதான் இந்த மொழி எனக்குச் சொந்தமான மாதிரி இருந்தது.

தமிழும் ஜப்பானியமும் உறவு மொழிகள் என்கிறார்களே?

ஒனோ சுசுமு என்ற ஜப்பானிய அறிஞர் அப்படி ஒரு கருத்தை முன்வைத்தார். பெரும்பாலான மொழியியலாளர்கள் அதை ஏற்கவில்லை. வினை கடைசியில் வருவது, வேற்றுமை உருபுகள் பெயருக்குப் பின்னால் ஒட்டுவது போன்ற ஒற்றுமைகள் உறவில்லாத பல மொழிகளிலும் உண்டு. உறவு இருக்கிறதோ இல்லையோ, படிக்க அந்த ஒற்றுமைகள் உதவும்.

எந்த ஊர் முதலில்?

டோக்கியோ முதலில், ஒசாகா பிறகு. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

வகுப்பில் கேட்டதைத் தெருவிலும், ரயில் அறிவிப்பிலும், வங்கியிலும் அப்படியே கேட்டால்தான் அடித்தளம் உறுதியாகும். டோக்கியோ அதைக் கொடுக்கும். தகதனோபாபா, ஷின் ஓகுபோ பக்கம் மொழிப் பள்ளிகள் நிறைய. வசேதா பல்கலைக்கழகம் அருகில் இருப்பதால் தகதனோபாபா முழுக்க மாணவர் கூட்டம், மலிவான சாப்பாட்டுக் கடைகள். ஆனால் டோக்கியோவில் ஒரு குறை: யாரும் உங்களோடு பேச மாட்டார்கள். ரயிலில் அமைதி, லிஃப்டில் அமைதி. நாள் முழுக்க ‘பை வேண்டாம், அட்டையில் கட்டுகிறேன்’ என்பதைத் தவிர வேறெதுவும் பேசாமல் படுக்கப் போன நாட்கள் எனக்கு உண்டு. ஒசாகாவில் நிறுத்தத்தில் பஸ்ஸுக்கு நின்றாலே பக்கத்தில் நிற்கும் பாட்டி வெயிலைப் பற்றி ஆரம்பித்துவிடுவார். வாயைத் திறக்க வைக்கும் ஊர் அது.

இலக்கணம் நடுவில் நிற்கும்போதே ஒசாகா போனால் எது பொது, எது வட்டாரம் என்று பிரித்தறிய முடியாது. மூன்றாம் நிலையைத் தாண்டிவிட்டுப் போங்கள். இரண்டாம் நிலை முடித்திருந்தால் இன்னும் நல்லது.

ஒசாகா பேச்சு என் தேர்வு மதிப்பெண்ணைக் கெடுக்குமா?

கெடுக்காது. ஜப்பானிய மொழித்திறன் தேர்வில் பேச்சுப் பகுதியே கிடையாது, கேட்டல் பகுதியும் பொதுமொழியில்தான் வரும். ஒசாகாப் பள்ளிகளிலும் வகுப்பு பொதுமொழியில்தான் நடக்கும். இரண்டாம் நிலைக்கு 180க்கு 90 வேண்டும், அதோடு மூன்று பகுதிகளிலும் தனித்தனியே 60க்கு 19 எடுக்க வேண்டும். நம்மவர்கள் பலர் மொத்தத்தில் தாண்டி, வாசிப்பில் 19க்குக் கீழே போய்த் தவறவிடுகிறார்கள். கவலைப்பட வேண்டியது அங்கே.

தவறாகப் புரிந்துகொள்ள வாய்ப்புள்ள சொற்கள் எவை?

முதலில் ‘நவோசு’. டோக்கியோவில் ‘சரிசெய்’. ஒசாகாவில் ‘எடுத்து வை’ என்ற பொருளும் உண்டு. நான் பகுதிநேரம் வேலை பார்த்த கடையில் முதலாளியம்மா ஒரு பெரிய பாத்திரத்தைக் கொடுத்து ‘நவோஷிதொய்தே’ என்றார். பாத்திரத்தில் என்ன பழுது என்று திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அவர் சொன்னது, அதை இருந்த இடத்தில் வை என்று.

அப்புறம் ‘ஜிபுன்’. புத்தகத்தில் ‘தான், தன்னை’. ஒசாகாவில் நெருங்கியவர்களிடம் ‘நீ’ என்பதற்கும் இதையே சொல்வார்கள். ‘ஜிபுன், எங்கிருந்து வர்றே?’ என்று கேட்டால் அது உங்களைத்தான். நமக்கு இது விசித்திரமே இல்லை. ‘தாம்’ என்பதிலிருந்து வந்த ‘தாங்கள்’ நமக்கு ‘நீங்கள்’ ஆகவில்லையா? நம்முடையது மரியாதைக்கு, அவர்களுடையது நெருக்கத்துக்கு. அவ்வளவுதான் வித்தியாசம். பெரியவர்களிடம் அதைச் சொல்லிவிடாதீர்கள்.

‘அஹோ’, ‘பக்கா’ இரண்டும் ‘முட்டாள்’. ஒசாகாவில் அஹோ செல்லமாகவும் சொல்வார்கள், பக்கா என்றால் மனம் புண்படும். டோக்கியோவில் பெரும்பாலும் தலைகீழ். இரண்டு ஊரிலும் நீங்களாக இரண்டையும் சொல்லாமல் இருப்பதே நல்லது.

மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும்: கன்சாயில் சும்மா ‘நிக்கு’ என்றாலே பெரும்பாலும் மாட்டிறைச்சி. உள்ளே பன்றியிறைச்சி வைத்த ஆவியில் வேகவைத்த பன்னை டோக்கியோவில் ‘நிக்குமான்’ என்பார்கள். ஒசாகாவில் அப்படிச் சொன்னால் மாட்டிறைச்சி என்று நினைப்பார்கள் என்பதால் ‘புதாமான்’ என்று தெளிவாகச் சொல்கிறார்கள்.

கடைசியாக ‘கங்ஙாயெதொகு’. ‘யோசித்து வைக்கிறேன்’ என்று பொருள். ஒசாகாவில் இது பெரும்பாலும் நாசூக்கான மறுப்பு. வீட்டுத் தரகரிடம் வாடகையைக் குறைக்கக் கேட்டு இந்தப் பதில் வந்தால் அடுத்த வீட்டைப் பாருங்கள்.

நானும் கன்சாய்பென் பேசலாமா? நடிக்கிற மாதிரி இருக்காதா?

முதல் ஆறு மாதம் பேச வேண்டாம், கேளுங்கள். யோஷிமோத்தோ என்ற நகைச்சுவை நிறுவனம் 1912இல் ஒசாகாவில் பிறந்தது. அதன் கலைஞர்கள் வழியாக ஒசாகாப் பேச்சு நாடு முழுக்கத் தொலைக்காட்சியில் ஒலிக்கிறது, ஆகவே எல்லோருக்கும் புரியும். ஆனால் வெளியூர்க்காரர் ஏற்ற இறக்கம் தப்பிப் பேசினால் ஒசாகாக்காரர்களுக்கு உடனே தெரிந்துவிடும், சிலருக்குப் பிடிக்காது. மதுரைத் தமிழை அரைகுறையாக ஒருவர் பேசினால் நமக்கு எப்படி இருக்குமோ அப்படி. பழகப் பழகத் தானாக வந்து ஒட்டும். எனக்கு முதலில் ஒட்டியது ‘அகான்’. சூடான எண்ணெய் கையில் தெறித்தபோது என்னையறியாமல் வந்தது.

வேலை நேர்காணலில் மட்டும் பொதுமொழி. ஒசாகாக்காரர்களே அங்கே மாற்றிக்கொள்வார்கள்.

மொழிப் பள்ளி படிப்பின் நடுவில் ஊர் மாறலாமா?

முடிந்தால் வேண்டாம். மொழிப் பள்ளியில் மாணவர் விசாவில் அதிகபட்சம் இரண்டு ஆண்டுகள்தான் இருக்க முடியும். நடுவில் வருகிறவர்களை எடுத்துக்கொள்ளப் பல பள்ளிகள் தயங்கும், உங்கள் வருகைப்பதிவைக் கேட்கும். அது குறைந்திருந்தால் விசா நீட்டிப்பும் சிக்கலாகும். மார்ச்சில் டோக்கியோப் பள்ளியை முடித்து, ஏப்ரலில் ஒசாகாவில் தொழிற்கல்லூரியிலோ பல்கலைக்கழகத்திலோ சேர்வதுதான் இயல்பான வழி. ஜப்பானில் கல்வி ஆண்டே ஏப்ரலில்தான் தொடங்குகிறது. அதற்கான விண்ணப்பமும் நுழைவுத் தேர்வும் முந்தைய இலையுதிர் காலத்திலேயே ஆரம்பித்துவிடும், எனவே செப்டம்பருக்குள் முடிவெடுங்கள்.

ஊர் மாறும்போது எந்தெந்த அலுவலகத்துக்குப் போக வேண்டும்?

கிளம்பும் முன் டோக்கியோவில் உங்கள் வட்ட அலுவலகத்தில் வெளியேறும் அறிவிப்பு கொடுக்க வேண்டும். அதற்கு ‘தென்ஷுத்சு தொதொகே’ என்று பெயர். அவர்கள் தரும் சான்றிதழைப் பத்திரமாக வையுங்கள். ஒசாகாவில் குடியேறிய 14 நாளுக்குள் புதிய வட்ட அலுவலகத்தில் ‘தென்ன்யூ தொதொகே’ கொடுக்க வேண்டும். குடியிருப்பு அட்டையை எடுத்துப்போனால் அதன் பின்பக்கம் புது முகவரியை எழுதித் தருவார்கள். மை நம்பர் என்ற அடையாள எண் அட்டை வைத்திருந்தால் வெளியேறும் அறிவிப்பை இணையத்திலேயே கொடுத்துவிடலாம். நுழையும் அறிவிப்புக்கு மட்டும் நேரில் போயாக வேண்டும்.

தேசிய நலக் காப்பீடு ஊராட்சி வாரியாக நடப்பது, தானாக மாறிவிடாது. பழையதை முடித்துப் புதிய ஊரில் சேர வேண்டும். அதே நாளில் அதே கட்டடத்தில் முடிந்துவிடும், அடுத்த வரிசையில் நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

பலர் மறப்பது இதை: பள்ளியை விட்டதும், புதியதில் சேர்ந்ததும், குடிவரவுத் துறைக்கு 14 நாளுக்குள் தனியாகத் தெரிவிக்க வேண்டும். வட்ட அலுவலகத்தில் சொன்னதோடு இது முடிந்துவிடாது. இணையத்தில் செய்யலாம். அஞ்சலகத்தில் முகவரி மாற்றம் கொடுத்தால் பழைய வீட்டுக்கு வரும் கடிதங்களை ஒரு வருடம் இலவசமாகப் புது முகவரிக்கு அனுப்புவார்கள்.

சைக்கிள் எடுத்துப்போகிறவர்களுக்கு ஒரு சொல். திருட்டுத் தடுப்புப் பதிவு மாகாணத்துக்கு மாகாணம் தனி. டோக்கியோவில் ரத்து செய்து ஒசாகாவில் புதிதாகப் பதியுங்கள். இல்லாவிட்டால் இரவில் போலீஸ் நிறுத்திச் சோதித்தால் உங்கள் சைக்கிளே உங்களுடையது என்று நிரூபிக்க நேரமாகும்.

செலவு குறையுமா?

வாடகை குறையும். டோக்கியோ நகர வட்டங்களில் சிறிய ஓர் அறை வீட்டுக்கு மாதம் 60,000 முதல் 80,000 யென் வரை பார்த்தேன். ஒசாகாவில் அதே அளவு வீடு 45,000 முதல் 60,000க்குள் கிடைத்தது. முன்பணத்தைத்தான் கவனிக்க வேண்டும். ‘ரெய்கின்’ என்பது வீட்டுக்காரருக்குக் கொடுக்கும் நன்றிப்பணம், திரும்பி வராது. ‘ஷிகிகின்’ என்பது வைப்புத்தொகை. கன்சாயில் ‘ஷிகிபிகி’ என்று ஒரு பழைய வழக்கம் உண்டு. வைப்புத்தொகையில் ஒரு பகுதியைத் திருப்பித் தர மாட்டோம் என்று முன்கூட்டியே ஒப்பந்தத்தில் எழுதிவிடுவார்கள். அந்தச் சொல் இருக்கிறதா என்று கையெழுத்துக்கு முன் தேடிப் பாருங்கள்.

மார்ச் கடைசியில் நாடே வீடு மாறும், சுமைவண்டிக் கட்டணம் எகிறும். பொருட்களை விற்றுவிட்டு, மீதியைப் பெட்டிகளில் கூரியர் வழியாக அனுப்புவது மலிவு.

பகுதிநேர வேலை?

அனுமதி பெற்ற மாணவர்களுக்கு வாரம் 28 மணி நேரம், எந்த ஊரிலும் இதே விதி. பள்ளியின் நீண்ட விடுமுறைகளில் நாளுக்கு 8 மணி நேரம். 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்சக் கூலி டோக்கியோவில் மணிக்கு 1,163 யென், ஒசாகாவில் 1,114 யென்னாக இருந்தது. வாடகை வித்தியாசத்தோடு ஒப்பிட்டால் ஒசாகாதான் கைக்கு மிச்சம்.

மொழி கற்க வேண்டும் என்றால் ஒசாகாவில் சின்னச் சாப்பாட்டுக் கடையில் சேருங்கள். கிடங்கில் பெட்டி அடுக்கும் வேலையில் ஒரு வாக்கியம்கூட வளராது.

சாப்பாடு எப்படி? சைவமாக இருக்க முடியுமா?

இரண்டு ஊரின் வித்தியாசத்தை நாக்கில் உணர வேண்டுமானால் உதோன் நூடுல்ஸ் சாப்பிடுங்கள். டோக்கியோவில் குழம்பு கறுப்பாக இருக்கும், அடர்ந்த சோயா சாஸும் உலர்ந்த மீனின் சாறும். ஒசாகாவில் கிண்ணத்தின் அடி தெரியும் அளவுக்குத் தெளிவாக இருக்கும், கொம்பு என்ற கடற்பாசியின் சுவை முன்னால் வரும். அந்தக் கொம்பு வடக்கே ஹொக்கைடோவிலிருந்து கப்பல் கப்பலாக ஒசாகாவுக்கு வந்து இறங்கியது. கப்பல் நின்று பல காலம் ஆகியும் சுவை அப்படியே இருக்கிறது. தோன்பெய் என்ற கப் நூடுல்ஸையே கிழக்குக்கு ஒரு சுவை, மேற்குக்கு ஒரு சுவை என்று தனித்தனியே விற்கிறார்கள்.

இதிலிருந்தே சைவர்களுக்கான பதிலும் தெரிந்திருக்கும். இறைச்சி கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் சாற்றில் மீன் இருக்கும், இரண்டு ஊரிலும். முழுச் சைவர் என்றால் சமைக்கத் தெரிந்துகொண்டு வாருங்கள். டோக்கியோவில் நிஷிகசாய் பக்கம் இந்தியர்கள் நிறைய வசிப்பதால் துவரம்பருப்பு, புளி, சாம்பார்ப் பொடி கிடைக்கும். ஒசாகாவிலிருந்து கோபேக்கு ரயிலில் அரை மணி நேரம்தான், அங்கே இந்திய வணிகக் குடும்பங்கள் பல தலைமுறையாக இருக்கின்றன. மளிகை அங்கே வாங்கலாம்.

வேறு சின்னச் சின்ன வித்தியாசங்கள்?

நகரும் படிக்கட்டில் டோக்கியோவில் இடப்பக்கம் நிற்பார்கள், ஒசாகாவில் வலப்பக்கம். மின்சாரம் டோக்கியோவில் 50 ஹெர்ட்ஸ், ஒசாகாவில் 60. 1890களில் டோக்கியோ ஜெர்மனியிலிருந்தும் ஒசாகா அமெரிக்காவிலிருந்தும் மின்னாக்கி வாங்கியதால் வந்த பிரிவு இன்றும் தொடர்கிறது. பழைய மைக்ரோவேவ் அடுப்பை எடுத்துப்போகும் முன் 50/60 என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். டோக்கியோவில் வாங்கிய சுய்க்கா ரயில் அட்டை ஒசாகாவிலும் வேலை செய்யும், ஆனால் அட்டையைக் கொடுத்துப் பணத்தைத் திரும்பப் பெறுவது அங்கே முடியாது.

ஒசாகாவில் தெரியாதவர்கள் மிட்டாய் கொடுக்கிறார்களாமே, வாங்கலாமா?

வாங்குங்கள். அங்கே நடுத்தர வயது அம்மாக்கள் பலர் கைப்பையில் மிட்டாய் வைத்திருப்பார்கள். ‘அமே’ என்ற மிட்டாய்க்குக் குழந்தை பெயருக்குச் சேர்ப்பதுபோல் ‘சான்’ சேர்த்து ‘அமேச்சான்’ என்பார்கள். ‘ஓகினி’ என்று நன்றி சொன்னால் முகம் மலர்ந்துவிடும். எனக்கு முதலில் கொடுத்தவர் வட்ட அலுவலக வரிசையில் முன்னால் நின்றவர். அவரோடு பேசிய இருபது நிமிடம்தான் நான் ஒசாகாவில் பேசிய முதல் நீண்ட உரையாடல். டோக்கியோவில் அப்படி ஒன்று அமைய எனக்கு நான்கு மாதம் ஆனது. டோக்கியோக்காரர்கள் அன்பில்லாதவர்கள் என்று சொல்ல மாட்டேன். அடுத்தவருக்குத் தொந்தரவு தரக் கூடாது என்ற கவனம் அது. பள்ளியில் பழகிய டோக்கியோ நண்பர் ஒருவர் நான் கிளம்பும் அன்று விடியற்காலையில் பெட்டி தூக்க வந்து நின்றார்.

எதில் போவது?

இரவுப் பேருந்து சுமார் எட்டு மணி நேரம், மிக மலிவு. 1964இல் தொடங்கிய தோகாய்தோ ஷின்கான்சென் என்ற அதிவேக ரயில் பாதையில் நொசோமி ரயில் ஏறினால் இரண்டரை மணி நேரம், கட்டணம் 14,000 யென் பக்கம். நீளம், அகலம், உயரம் கூட்டினால் 160 சென்டிமீட்டரைத் தாண்டும் பெட்டி இருந்தால், அதற்கு இடமுள்ள இருக்கையை முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும்.

ரயிலில் போவதானால் சாதாரணப் பெட்டியில் ‘ஈ’ வரிசை சன்னல் இருக்கையைக் கேளுங்கள். கிளம்பி முக்கால் மணி நேரத்தில், வானம் தெளிவாக இருந்தால், வலப்பக்கம் ஃபூஜி மலை தெரியும்.